சிலிக்கான் மேல் வெள்ளி, தங்க நானோ துகள்கள்: ஈரவழியில் படியவைப்பது எப்படி, எங்கே பிசகும்?

கடலூரிலிருந்து முதுகலை வேதியியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புராஜெக்டுக்காக 1 செ.மீ. சதுரமாக நறுக்கிய சிலிக்கான் வேஃபர் துண்டுகளை 5 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் கரைசலில் அரை மணி நேரம் போட்டு வைத்தேன். வெண்மையாக ஏதோ மேகம் போலப் படிந்தது. வெயில் பட்டதும் சாம்பல் ஊதாவாக மாறியது, தண்ணீரில் அலசியதும் பாதி போய்விட்டது. கட்டுரைகளில் எல்லாம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்க்கிறார்கள். எங்கள் கல்லூரியில் அதைக் கையாள வசதி இல்லை. அது இல்லாமல் முடியுமா? வீணான துண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா?"

முடியும். ஆனால் அமிலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே செய்தால் முடியாது, வழியையே மாற்ற வேண்டும். ஏன் என்பது புரிந்தால் எந்த இடத்தில் எதை மாற்றலாம் என்பது தானே தெரியும். அதனால் முதலில் உங்கள் துண்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு படிவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். இரும்பு கரைந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது, செம்பு அயனி அதை வாங்கி உலோகமாகிறது. சிலிக்கானுக்கும் வெள்ளிக்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான். வெள்ளி அயனியின் திட்ட மின்னழுத்தம் (எலக்ட்ரானை இழுக்கும் வலுவின் அளவு) +0.80 வோல்ட். ஃபுளோரைடு உள்ள கரைசலில் சிலிக்கானுடையது ஏறத்தாழ −1.2 வோல்ட். இரண்டு வோல்ட் இடைவெளி என்பது பெரிய சரிவு, சிலிக்கான் கொடுக்கத் தயாராகவே இருக்கிறது. தடுப்பது அதன் தோல். காற்றுப் பட்ட எந்தச் சிலிக்கான் மேலும் 1 முதல் 2 நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் இருக்கும். அது மின்காப்பு. அதை ஒருமுறை நீக்கினாலும், வெறும் தண்ணீரில் சிலிக்கான் எலக்ட்ரானைக் கொடுத்த மாத்திரத்தில் அங்கே புதிய ஆக்சைடு உருவாகி வாசலை அடைத்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் வேலை அந்த ஆக்சைடை ஹெக்சாஃபுளோரோசிலிக்கேட்டாகக் கரைத்து, வாசலைத் திறந்தே வைத்திருப்பது. அது இல்லாமல் துண்டை ஒரு வாரம் ஊறவைத்தாலும் வெள்ளி பெயருக்குத்தான் படியும்.

அப்படியானால் உங்கள் துண்டின் மேல் படிந்த வெண்மேகம் எது? வெயிலில் ஊதாவாக மாறியது என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். அது வெள்ளிக் குளோரைடு. சிலிக்கானோடு அதற்கு எந்தப் பிணைப்பும் இல்லை, கரைசலில் உருவாகி மேலே வண்டல்போல இறங்கியது, அதனால்தான் அலசியதும் போனது.

குளோரைடு தண்ணீரிலிருந்து வந்திருக்கும். கடலோரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் அமிலத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளிக் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. உங்கள் கரைசலில் வெள்ளி 5 மில்லிமோலார் என்றால், லிட்டருக்கு வெறும் 1.3 மைக்ரோகிராம் குளோரைடு இருந்தாலே வீழ்படிவுக்கான எல்லை தாண்டிவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. தேவனாம்பட்டினம் கடலின் ஒரு சொட்டு உங்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் விழுந்தால் அதில் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் குளோரைடு சேரும், அந்த எல்லையைப் போல எழுநூறு மடங்கு. குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பீக்கர், வியர்த்த கை பட்ட இடுக்கி, பேட்டரிக்கு விற்கும் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் என்று எதிலிருந்தும் அது வரலாம்.

ஆகவே 18.2 மெகாஓம்-செ.மீ. தரமுள்ள அயனி நீக்கிய நீரை அன்றன்றைக்குப் பிடித்துப் பயன்படுத்துங்கள். மின்கடத்து மீட்டரில் அது 0.055 மைக்ரோசீமன்ஸ் காட்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் குடித்து 1 மைக்ரோசீமன்ஸ் வரை ஏறும். அந்த ஏற்றத்தால் கெடுதல் இல்லை. ஆனால் ஏறியது கார்பானிக் அமிலமா உப்பா என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது, அதனால்தான் பழைய தண்ணீர் வேண்டாம் என்கிறேன். பாத்திரங்களை முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, இந்தத் தண்ணீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். ராஜதிராவகத்தில் கழுவிய பாத்திரத்தை வெள்ளி வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள், அதில் ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. தங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. குளோரோஆரிக் அமிலமே குளோரைடு உள்ள பொருள்தான். முதல் முயற்சிக்குத் தங்கத்தை எடுங்கள் என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம்.

இனி வழி. ஈரவழியில் உலோகத் துகளைச் சிலிக்கான் மேல் சேர்க்க இரண்டு பெரிய பாதைகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன இடப்பெயர்ச்சி: துகள் சிலிக்கான் மேலேயே பிறந்து வளர்கிறது. இன்னொன்று, துகளைத் தனியே தண்ணீரில் மிதக்கும் கூழ்மமாகச் செய்துகொண்டு, சிலிக்கானுக்குப் பசை போன்ற ஒரு மூலக்கூறு அடுக்கைப் பூசி, அதன்மேல் ஒட்டவைப்பது. முதல் பாதைக்கு ஆக்சைடு துளியும் இருக்கக் கூடாது. இரண்டாவது பாதைக்கு ஆக்சைடு கட்டாயம் வேண்டும், அதுவும் ஹைட்ராக்சில் நிறைந்த, தண்ணீர் பரவுகிற ஆக்சைடு. இரண்டுக்கும் தேவையான மேற்பரப்புகள் நேர் எதிர். இரண்டு செய்முறைகளிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக் கலப்பதால்தான் பலருக்கு வேலை கெடுகிறது. "சுத்தம் செய்வதுதானே" என்று எச்.எஃப். (ஹைட்ரோஃபுளோரிக்) அமிலத்தில் முக்கிவிட்டு உடனே சிலேன் (அந்தப் பசை மூலக்கூறு) பூசினால், பிடித்துக்கொள்ள ஹைட்ராக்சில் இல்லாமல் சிலேன் வழிந்துபோகும்.

உங்களுக்கு இரண்டாவது பாதை. அதை முழுக்கச் சொல்கிறேன்.

துண்டுகளை நறுக்குவது சுத்தம் செய்வதற்கு முன்னால் நடக்கட்டும். (100) படிகத் திசையில் வெட்டிய வேஃபர் என்றால் வைர முனையால் பின்பக்கத்தில் ஓரத்தில் ஒரு சிறு கீறல் போட்டு அழுத்தினாலே செங்கோணமாக உடையும். பளபளப்பான பக்கத்தில் கீறினால் சிலிக்கான் தூள் அங்கேயே அப்பிக்கொள்ளும். பிறகு அசிட்டோன், ஐசோப்ரொப்பனால், தண்ணீர் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐந்தைந்து நிமிடம். அசிட்டோன் துண்டின் மேல் காய்ந்தால் கறை விடும், காயவிடாமல் அடுத்த பீக்கருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ஆர்.சி.ஏ.-1 கழுவல். வெர்னர் கெர்ன் 1965-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் உருவாக்கி, 1970-ல் வெளியான முறை இது. இன்றும் இதற்கு ஈடு குறைவு. 50 மி.லி. தண்ணீர், 10 மி.லி. அமோனியாக் கரைசல் இரண்டையும் 70 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, 10 மி.லி. 30% ஹைட்ரஜன் பெராக்சைடு சேருங்கள். ஓரிரு நிமிடத்தில் குமிழ்கள் வரும். துண்டுகளைப் போட்டு 70 முதல் 75 டிகிரியில் 10 நிமிடம். ஃப்யூம் ஹுட்டுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) மட்டும். பெராக்சைடு பழசாகியிருந்தால் குமிழே வராது. அப்போது துண்டைப் போடாதீர்கள், பெராக்சைடு இல்லாத சூடான அமோனியா சிலிக்கானை அரித்துச் சொரசொரப்பாக்கும். வெளியே எடுத்து அலசியபின் தண்ணீர் துண்டின் மேல் ஒரே தகடாகப் பரவி நிற்க வேண்டும். சொட்டாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள், திரும்பச் செய்யுங்கள். பிரானா கரைசலும் (அடர் கந்தக அமிலமும் பெராக்சைடும் சேர்ந்த கலவை) இதே வேலையைச் செய்யும்தான். ஆனால் அதில் ஒரு துளி அசிட்டோன் கலந்தாலும் வெடிக்கும் ஆபத்து உண்டு. அசிட்டோனில் கழுவுகிற அதே மேசையில் அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது பசை. அமினோப்ரொப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன், ஆய்வகங்களில் ஏப்டெஸ் என்பார்கள். 95 பங்கு எத்தனால், 5 பங்கு தண்ணீர் கலவையில் 1% ஏப்டெஸ் விட்டு, 5 நிமிடம் கலக்கிவிட்டுத் துண்டுகளை 10 நிமிடம் முக்குங்கள். எடுத்து எத்தனாலில் இருமுறை அலசி, எத்தனாலிலேயே 2 நிமிடம் அல்ட்ராசோனிக். பிறகு 110 டிகிரி அடுப்பில் 10 நிமிடம். முக்கும் நேரத்தை நீட்டினால் நல்லது என்று ஏப்டெஸ் கரைசலில் ஒரு மணி நேரம் போட்டுவிடுவார்கள் பலர். சிலேன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பலபடியாகிக் கட்டி கட்டியாக உட்கார்ந்துவிடும். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள்கள் தீவுதீவாகக் குவிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏப்டெஸ் ஈரத்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து மூடிய புட்டியில் வெண்ணிறச் செதில்கள் மிதந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். பெரிய புட்டி வாங்காமல் 25 மி.லி. வாங்கி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வையுங்கள்.

சரியாகப் பூசியிருந்தால், முன்பு தகடாகப் பரவிய தண்ணீர் இப்போது லேசாகத் திரண்டு நிற்கும். பிளாஸ்டிக் மேல் நிற்கிற அளவுக்குத் திரளாது, பரவவும் செய்யாது. செலவில்லாத சோதனை இது, ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

கூழ்மம்: டர்க்கெவிச் 1951-ல் சொல்லி, ஃப்ரென்ஸ் 1973-ல் அளவுகளைத் திருத்திய சிட்ரேட் முறை போதும். குளோரோஆரிக் அமிலம் நம் ஊர்க் காற்றில் திறந்த சில நிமிடங்களிலேயே ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும், நிறுத்து எடுப்பது சிரமம். உலோகக் கரண்டி பட்டால் அதுவும் அரித்துத் தங்கம் அங்கேயே படியும். அதனால் 1 கிராம் புட்டியை வாங்கி, மொத்தத்தையும் ஒரேயடியாக 100 மி.லி. தண்ணீரில் கரைத்து 1% இருப்புக் கரைசலாக்கி, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதில் 0.5 மி.லி. எடுத்து 49.5 மி.லி. தண்ணீரில் விட்டால் 0.01%. நன்றாகக் கொதிக்கும்போது, வேகமாகக் கலக்கியபடி, 1% ட்ரைசோடியம் சிட்ரேட் 1 மி.லி. ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நிறமின்மை, மங்கிய நீலம், பிறகு ஒயின் சிவப்பு. மொத்தம் 15 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். துகள் சுமார் 16 நானோமீட்டர் இருக்கும், உறிஞ்சல் உச்சி 520 நானோமீட்டர் அருகில். சிட்ரேட்டை 0.5 மி.லி. ஆகக் குறைத்தால் 41 நானோமீட்டர், 0.3 மி.லி. என்றால் 70 தாண்டும். சிட்ரேட் குறையக் குறையக் கருக்கள் குறைவாகப் பிறக்கின்றன, அதே தங்கத்தைக் குறைந்த எண்ணிக்கை பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் பெரிதாகிறது.

இந்தப் பாத்திரத்தை மட்டும் ராஜதிராவகத்தால் கழுவ வேண்டும். பழைய தங்கப் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தால் அதன்மேலேயே எல்லாம் வளரும். கூழ்மம் ஊதாவாகவோ நீலமாகவோ நின்றுவிட்டால் துகள்கள் கட்டிவிட்டன. உப்பு கலந்திருக்கும், அதைப் பயன்படுத்த வேண்டாம்.

துண்டைக் கூழ்மத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள், கட்டிய துகள் எதுவும் மேலே வண்டலாக இறங்காது. சிட்ரேட் பூசிய தங்கம் எதிர்மின், ஏப்டெஸின் அமீன் அந்த பி.எச். அளவில் நேர்மின், இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரம்? இதைக் கணக்கிடலாம். 16 நானோமீட்டர் கூழ்மத்தில் ஒரு மி.லி.யில் சுமார் 1.2 லட்சம் கோடி துகள்கள். அவை பரவலால் மட்டுமே வந்து சேர்கின்றன என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 450 வரை சேரலாம். பரப்பில் ஏறக்குறைய 9%. இரட்டிப்பு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு, ஏனென்றால் எண்ணிக்கை நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் வளர்கிறது. துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் உண்மையில் இதைவிடக் குறையும். எனவே 1 மணி, 4 மணி, ஓர் இரவு என்று மூன்று துண்டுகள் வைத்துப் பாருங்கள். 45 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் வித்தியாசம் தேடுவது வீண் உழைப்பு.

உலர்த்துவதில் கவனம் வேண்டும். தண்ணீர்த் துளி துண்டின் மேல் காய்ந்தால், அதன் விளிம்பு துகள்களை இழுத்து வளையமாகக் கட்டிவிடும். மூன்று முறை தண்ணீரில் முக்கி, கடைசியாக எத்தனாலில் ஒரு முக்கு. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72, எத்தனாலுடையது 22 மில்லிநியூட்டன்/மீட்டர், இழுப்பு அவ்வளவு குறையும். நைட்ரஜன் இருந்தால் ஒரு ஓரத்திலிருந்து ஊதுங்கள். இல்லையென்றால் துண்டைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ் ஓரத்தை டிஷ்யூ தாளில் தொட்டு வடியுங்கள்.

வெள்ளிதான் வேண்டும் என்றால் லீ, மீசெல் இருவரும் 1982-ல் தந்த கூழ்மம் உண்டு: 18 மி.கி. சில்வர் நைட்ரேட்டை 100 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, 1% சிட்ரேட் 2 மி.லி. விட்டு ஒரு மணி நேரம் கொதிப்பு. பச்சை கலந்த மஞ்சள் நிறம் வரும். துகள் அளவுகள் கலந்துகட்டியாக இருக்கும், கம்பி வடிவமும் கொஞ்சம் வரும். தங்கத்தின் ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். ஒட்டவைக்கும் முறை அதேதான்.

இனி ஹைட்ரோஃபுளோரிக் பாதை. அதற்கென்று ஒதுக்கிய ஃப்யூம் ஹுட்டும், அதில் பழகியவர் ஒருவரும் உள்ள ஆய்வகத்தில், அவர் பக்கத்தில் நிற்க, செய்ய வேண்டியது அது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகமோ சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ போகும்போது முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், வசதி இருக்கிறதா என்று. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மூலையில் செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். இந்த அமிலம் தோலில் பட்டால் மற்ற அமிலங்களைப் போல உடனே எரியாது. 20 சதவீதத்துக்குக் குறைந்த கரைசல் பட்டால் வலி தெரியவே 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு தசைக்குள் இறங்கி, இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நிற்கும் அளவுக்கும் போகும். 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்கக் கூடாது. பட்டால் 5 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்தபடியே மருத்துவமனைக்கு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, போனதும் "ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்" என்று பெயரைச் சொல்ல வேண்டும். "ஆசிட் பட்டது" என்று மட்டும் சொன்னால் சிகிச்சை வேறாகிவிடும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை போதாது. கண்ணாடிப் பாத்திரம் அறவே கூடாது, கண்ணாடியையே கரைக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்ளான் மட்டும்.

அங்கே செய்முறை சுருக்கமானது. நம் நாட்டுக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 40% அமிலம், அது சுமார் 22.5 மோலார். தனித்தனித் துகள்கள் வேண்டுமென்றால் 0.14 மோலார் எச்.எஃப்., 0.5 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட்: அதாவது 100 மி.லி.யில் 0.62 மி.லி. அமிலமும், 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் 5 மி.லி.யும். கழுவிய துண்டை முதலில் 2% எச்.எஃப்.பில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். ஆக்சைடு போனதற்கு அதுவே அடையாளம். அடுத்த ஓரிரு நிமிடங்களுக்குள் வெள்ளிக் கரைசலுக்குப் போய்விட வேண்டும். 15, 30, 60, 120 விநாடி என்று நான்கு துண்டுகள். நிறுத்த, ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் சட்டென முக்குங்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 1 சதுர செ.மீ. மேல் சராசரி 10 நானோமீட்டர் வெள்ளி படிய 10.5 மைக்ரோகிராம் போதும், 0.1 மைக்ரோமோல். 20 மி.லி. கரைசலில் இருப்பதோ 10 மைக்ரோமோல். அதாவது நீங்கள் விரும்பும் துகள்கள் படிந்து முடியும்போது வெள்ளியில் நூற்றில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். கரைசல் தானாகத் தீர்ந்து நிற்காது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும். விட்டால் துகள்கள் கோத்து, மரக்கிளை போலக் கிளைத்து, சாம்பல் நிறப் பஞ்சாகி உதிரும். அதே கணக்கில் இன்னொன்றும் வருகிறது: ஒரு சிலிக்கான் அணு நான்கு எலக்ட்ரான் தந்தால் நான்கு வெள்ளி. 10 நானோமீட்டர் வெள்ளிக்கு ஏறக்குறைய 3 நானோமீட்டர் சிலிக்கான் கரைகிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் அடியிலும் ஒரு சிறு குழி தவிர்க்க முடியாதது. அமிலத்தை 5 மோலார் அளவுக்கும் சில்வர் நைட்ரேட்டை 20 மில்லிமோலாருக்கும் ஏற்றி அரை மணி நேரம் விட்டால், இந்தக் குழிகள் ஆழமாகி நானோகம்பிக் காடு எஞ்சும். அதைத் திட்டமிட்டுச் செய்கிறவர்கள் உண்டு, உங்கள் வேலை அதுவல்ல.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் சில. எஃகு இடுக்கியால் பிடித்தால் வெள்ளி அதன்மேலும் படியும், துண்டில் பிடித்த இடம் வெறிச்சோடும். ஹைட்ரஜன் குமிழ் ஒட்டிக்கொண்டால் வட்ட வட்டமாக வெற்றிடம் தெரியும், துண்டை லேசாக அசைத்தால் போகும். சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத அறை 35 டிகிரி தாண்டும். அன்றைய 30 விநாடியும் தை மாதத்து 30 விநாடியும் ஒன்றல்ல. கரைசலை 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து, வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள். செம்பும் தங்கமும் சிலிக்கானுக்குள் ஊடுருவி மின்பண்பைக் கெடுப்பவை. சூரிய மின்கலம், டையோடு செய்கிற நண்பர்களோடு ஒரே இடுக்கியையும் தட்டையும் பகிராதீர்கள். தங்கம் படிந்த துண்டைச் சூடாக்கினால் 363 டிகிரியில் தங்கமும் சிலிக்கானும் கலந்து உருகும், அதற்குக் கீழேயே நில்லுங்கள்.

படிந்ததா என்று பார்ப்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 16 நானோமீட்டர் தங்கம் 10% பரப்பில் இருந்தால் சிலிக்கானின் நிறம் கண்ணுக்கு மாறவே மாறாது. சாதாரண எக்ஸ்ரே விளிம்புவிளைவில் 38.2 டிகிரியில் வர வேண்டிய தங்க உச்சி அடித்தள இரைச்சலில் மறைந்துபோகும், 69.1 டிகிரியில் சிலிக்கான் மட்டும் கோபுரமாக நிற்கும். ஊடுகடத்தல் முறை யூ.வி. அளவீடும் பயன்படாது, கண்ணுக்குத் தெரியும் ஒளி சிலிக்கானைக் கடக்காது. ஒரு எளிய வழி: ஆர்.சி.ஏ.-1 தொடங்கிக் கூழ்மம் வரை ஒவ்வொரு படியிலும் ஒரு மைக்ரோஸ்கோப் கண்ணாடித் துண்டையும் கூடவே போட்டு வாருங்கள். அதன் பரப்பும் சிலிக்காதான். அது இளஞ்சிவப்பாகி 520 அருகே உறிஞ்சினால் சிலிக்கானிலும் படிந்திருக்கிறது. எஸ்.இ.எம்.முக்குக் கொடுக்கும்போது "தங்கம் பூச வேண்டாம்" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். சிலிக்கான் போதுமான அளவு மின்கடத்தும், வழக்கப்படி பூசிவிட்டால் பூசிய தங்கத்தையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் படமெடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் எண்ணுங்கள், அழகான ஒரு இடத்தை மட்டுமல்ல.

புராஜெக்டின் நோக்கம் ராமன் சமிக்ஞையை (மூலக்கூறுகள் அலைநீளம் மாற்றிச் சிதறும் ஒளியை) பெருக்குவது என்றால், 16 நானோமீட்டர் தனித்துகள்கள் உங்களைக் கைவிடும். 1928-ல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட அந்த மங்கலான ஒளியைப் பெருக்குவது துகளைவிட, துகள்களுக்கு இடையேயுள்ள குறுகிய இடுக்கு. 41 நானோமீட்டர் கூழ்மத்தை எடுத்து, ஓர் இரவு ஊறவையுங்கள். சோதனைக்கு 10⁻⁶ மோலார் ரோடமின் 6ஜி சாயக் கரைசல் 10 மைக்ரோலிட்டர் சொட்டுவிட்டு, அதே அளவு வெறும் சிலிக்கானிலும் விட்டு ஒப்பிடுங்கள். 612, 1362, 1510, 1650 அலையெண்களில் உச்சிகள் வரும். 520.7-ல் நிற்பது சிலிக்கானே, கருவியைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெள்ளித் துண்டு என்றால் சில நாட்களுக்குள் அளந்துவிடுங்கள், காற்றிலுள்ள கந்தகம் கறுக்கவைக்கும்.

கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வெள்ளி அயனி மிகச் சிறிய அளவிலேயே மீனையும் பாசியையும் கொல்லும், கடலூரின் உப்பனாறு ஏற்கெனவே பட்டது போதும். வெள்ளிக் கழிவில் கறியுப்பைப் போட்டால் குளோரைடாக இறங்கும், வடிகட்டிச் சேர்த்து வையுங்கள். எச்.எஃப். கழிவு அந்தந்த ஆய்வகத்திலேயே பிளாஸ்டிக் கலனில் சுண்ணாம்பால் கால்சியம் ஃபுளோரைடாக்கப்பட வேண்டும்.

கடைசிக் கேள்வி, பழைய துண்டுகள். உங்களிடம் இருப்பவை கெட்டுப்போகவில்லை. மேலே இருப்பது வெள்ளிக் குளோரைடும் வெயிலில் பிறந்த கொஞ்சம் வெள்ளியும்தான். முதலில் நீர்த்த அமோனியாவில் சில நிமிடம், குளோரைடு கரையும். அந்தக் கரைசலை வைத்திருக்காதீர்கள், நாள்பட்டால் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம். உடனே நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிக் கழிவில் சேருங்கள். துண்டை நன்றாக அலசி, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் 10 நிமிடம், மறுபடி அலசி ஆர்.சி.ஏ.-1. தண்ணீர் தகடாகப் பரவினால் அது புதுத் துண்டுக்குச் சமம். கூழ்மம் ஒட்டவைத்த தங்கத் துண்டுகளையும் ராஜதிராவகத்தில் ஒரு நிமிடம் முக்கி, இதேபோல் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். எச்.எஃப். பாதையில் போய்வந்தவற்றை மட்டும் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். வெள்ளி கரைந்துபோனாலும் குழிகள் இருக்கும், அடுத்த முறை துகள்கள் அந்தக் குழிகளில்தான் முதலில் உட்காரும், எண்ணிக்கை உங்களைத் தவறாக வழிநடத்தும்.